இத்தாலியச் சொற்கள் வந்த வழி

இத்தாலிய மொழியின் சொற்களில் பெரும்பகுதி லத்தீனிலிருந்து வந்தது. சிசெரோவும் வெர்ஜிலும் எழுதிய ஏட்டு லத்தீனைவிட, படைவீரரும் உழவரும் சிறு வியாபாரிகளும் அடிமைகளும் பேசிய லத்தீனே அதற்குத் தாய். ஏட்டில் குதிரைக்கு ‘எக்வுஸ்’ என்று பெயர். பொதி சுமந்த மட்டக் குதிரையைத் தெருவில் ‘கபால்லுஸ்’ என்றார்கள். எக்வுஸ் மறைய, கபால்லுஸ் எல்லாக் குதிரைக்கும் பெயராகி இன்று ‘காவால்லோ’ என்று வழங்குகிறது. வீட்டைக் குறித்த ‘தோமுஸ்’ போய், குடிசையைக் குறித்த ‘காசா’ வீடாயிற்று. தோமுஸ் ‘துவோமோ’ என்ற உருவில் நகரப் பேராலயத்தின் பெயராக மட்டும் எஞ்சியது. நெருப்பைக் குறித்த ‘இக்னிஸ்’ போன இடத்தில் அடுப்பைக் குறித்த ‘ஃபோகுஸ்’ வந்து ‘ஃபுவோகோ’ ஆனது. இன்று வாயைக் குறிக்கும் ‘போக்கா’ லத்தீனில் கன்னம். தலையைக் குறிக்கும் ‘தெஸ்தா’ அன்று மண்பானை. கல்லீரலின் கதை இன்னும் சுவையானது. அத்திப்பழம் ஊட்டி வளர்த்த விலங்கின் ஈரல் ரோமானியருக்கு விருந்துணவு. அதை ‘அத்தி ஊட்டிய ஈரல்’ என்று சொல்லிச் சொல்லி, ஈரல் என்ற சொல் உதிர்ந்து, அத்தியைக் குறித்த பகுதியே ‘ஃபேகதோ’ என்று ஈரலுக்குப் பெயராக நின்றுவிட்டது.

இந்த மாற்றம் ரோமப் பேரரசு வாழ்ந்துகொண்டிருந்தபோதே நடந்தது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரத்தின் சுவர்க் கிறுக்கல்களில் இலக்கணம் பிசகிய பேச்சு லத்தீன் ஏராளம். அதைவிடத் தெளிவான சான்று ‘அப்பெந்திக்ஸ் புரோபி’ என்ற பட்டியல். இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லாதே என்று 227 திருத்தங்களை ஒருவர் அடுக்கியிருக்கிறார். கண்ணாடிக்கு ‘ஸ்பெகுலும்’ என்பதே சரி, ‘ஸ்பெக்லும்’ பிழை என்கிறார். கண்ணை ‘ஓகுலுஸ்’ என்று சொல்லச் சொல்கிறார், ‘ஓக்லுஸ்’ கூடாதாம். அவர் தவறென்று தள்ளிய வடிவங்களே வென்றன. இன்றைய இத்தாலியத்தில் கண்ணாடி ‘ஸ்பெக்கியோ’, கண் ‘ஓக்கியோ’, முதியவர் ‘வெக்கியோ’. மூன்றும் அந்தப் பிழைகளின் நேர் வாரிசுகள்.

கிறித்தவம் பரவியதும் கிரேக்கச் சொற்கள் தேவாலயத்தின் வழியே நுழைந்தன. கோயிலுக்கு ‘கியேசா’, ஆயருக்கு ‘வெஸ்கோவோ’, குருவுக்கு ‘பிரேதே’, வானதூதருக்கு ‘ஆஞ்ஜெலோ’ எல்லாம் கிரேக்க வேர் கொண்டவை. சமயச் சொற்களோடு இது நிற்கவில்லை. இயேசு சொன்ன உவமைக் கதைகளைக் குறித்த ‘பராபோலா’ என்ற சொல் மெல்லத் தேய்ந்து, ‘பரோலா’ என்று எந்தச் சொல்லுக்கும் பொதுப்பெயராகியது. அதிலிருந்தே பேசுதல் என்று பொருள்படும் ‘பார்லாரே’ பிறந்தது. கைதி என்று பொருள்பட்ட ‘கப்தீவுஸ்’, சாத்தானின் கைதி என்ற மறையுரை வழக்கால் கெட்டவன் என்றாகி, ‘கத்தீவோ’ ஆனது. துறவிகள் சகோதரன், சகோதரி என்ற பழஞ்சொற்களை ‘ஃபிராதே’, ‘சுவோரா’ என்று தமக்கென எடுத்துக்கொண்டதால், உடன்பிறந்தாருக்குச் சிறுமை விகுதி சேர்த்த ‘ஃபிரதெல்லோ’, ‘சொரெல்லா’ நிலைத்தன. ரவென்னா 751 வரையிலும், தெற்கே பாரி 1071 வரையிலும் பைசாந்தியப் பேரரசின் கையில் இருந்தன. அந்தத் தொடர்பில் தர்ப்பூசணியைக் குறிக்கும் ‘அங்கூரியா’, கப்பலைக் கரையில் கட்டுவதைக் குறிக்கும் ‘ஓர்மெஜ்ஜாரே’ போன்ற சொற்கள் கிரேக்கத்திலிருந்து கரையேறின.

ரோமின் ஆட்சி சரிந்தபின் வடக்கிலிருந்து ஜெர்மானிய இனத்தார் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். தியோதோரிக் 493-இல் நிறுவிய கோத் அரசு அறுபது ஆண்டு நிலைத்தது. 568-இல் வந்த லொம்பார்தியர் இரண்டு நூற்றாண்டு ஆண்டனர். 774-இல் சார்லமேன் அவர்களை வென்றதும் ஃபிராங்கியர் காலம் தொடங்கியது. கோத்தியரிடமிருந்து வந்தது படை தங்கும் கொட்டகையைக் குறித்த ‘அல்பெர்கோ’. இன்று அது பயணிகள் விடுதி. ஒயின் குடுவையான ‘ஃபியாஸ்கோ’வும் ஜெர்மானிய வரவே. போருக்கு லத்தீனில் இருந்த ‘பெல்லும்’ ஒழிந்து, ‘குவெர்ரா’ வந்தது. போரை நடத்தியவர்களின் சொல் போருக்குப் பெயரானதில் வியப்பில்லை. அழகைக் குறிக்கும் ‘பெல்லோ’வோடு பழைய சொல் ஒலியில் மோதியதும் அது மறைந்ததற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வெண்மைக்கு ‘பியாங்கோ’வும் ஜெர்மானியமே, லத்தீன் வெண்மையான ‘ஆல்பா’ விடியலுக்கு மட்டும் பெயராக ஒதுங்கியது.

இவர்களில் லொம்பார்தியர் விட்டுச்சென்ற சொற்கள்தாம் தனிக் கவனத்துக்குரியவை. 643-இல் அவர்களுடைய அரசன் ரொதாரி வெளியிட்ட சட்டத்தொகுப்பு லத்தீனில் எழுதப்பட்டது. லொம்பார்திய மொழி நடுநடுவே சட்டச் சொற்களாக மட்டும் தலைகாட்டியது. எழுத்தில் இவ்வளவு ஒதுங்கிய மொழி, வீட்டுக்குள் ஆழமாக இறங்கியது. கன்னம் ‘குவாஞ்சா’, முதுகு ‘ஸ்கியேனா’, முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பு ‘ஸ்தீங்கோ’, விரல் முட்டி ‘நோக்கா’, மண்ணீரல் ‘மில்ட்ஸா’ எல்லாம் லொம்பார்தியத்தின் கொடை. கீறுவது, குறட்டை விடுவது, தேய்ப்பது, தண்ணீர் தெறிப்பது போன்ற அன்றாட வினைகளும் அப்படியே. ஆண்டவர்களின் மொழி அரண்மனையோடு நின்றிருந்தால் உடலின் எலும்புக்கும் தசைக்கும் அது பெயர் வைத்திருக்க முடியாது. இரு இனமும் ஒரே கிராமத்தில், ஒரே குடும்பத்தில் கலந்து வாழ்ந்ததற்கு எந்தச் சாசனத்தையும்விட இந்தச் சொற்களே உறுதியான சான்று. ஒரே ஜெர்மானியச் சொல் இரு கிளைகளிலிருந்து இரு முறை வந்ததும் உண்டு. அமரும் விசிப்பலகை ‘பாங்கா’ என்று கடின ஒலியோடு லொம்பார்தியர் வழி வந்தது. அதுவே மென்மையான முதலெழுத்தோடு இன்னொரு கிளையிலிருந்து வந்து, நாணயம் மாற்றுவோரின் மேசையாகிப் பின்னர் வங்கியின் பெயரானது.

மக்கள் பேசுவது லத்தீன் அன்று, வேறொரு மொழி என்ற உணர்வு எழுத்தில் பதிவானதற்கு 960-ஆம் ஆண்டின் கபுவா நீதிமன்ற ஆவணம் புகழ்பெற்ற சாட்சி. மொந்தெ கசீனோ மடத்தின் நிலவழக்கில் சாட்சிகள் சொன்ன வாக்குமூலத்தை எழுத்தர் லத்தீனுக்கு மாற்றாமல் அவர்கள் பேசியபடியே எழுதிவைத்தார்.

அடுத்த பெரிய வரவு தெற்கிலிருந்து. 827-இல் அரபுப் படைகள் சிசிலியில் இறங்கின; 1091-க்குள் நார்மானியர் தீவு முழுவதையும் கைப்பற்றினர். இடைப்பட்ட காலத்தில் தோட்டம், நீர்ப்பாசனம், சமையல், ஊர்ப்பெயர் எல்லாவற்றிலும் அரபு பதிந்தது. எத்னா எரிமலைக்கு ‘மொன்ஜிபெல்லோ’ என்றொரு பெயர் உண்டு. அதன் முற்பாதி லத்தீனில் மலை, பிற்பாதி அரபியில் மலை. ஆனால் சிசிலி ஒன்றே வாசல் அன்று. ஜெனோவா, பீசா, வெனிஸ் வணிகர்கள் துனிஸ், அலெக்ஸாந்திரியா, சிரியத் துறைமுகங்களில் கிடங்கு வைத்துத் தொழில் செய்தார்கள். சரக்கோடு சரக்கின் பெயரும் வந்தது. பருத்தி ‘கொத்தோனே’, எலுமிச்சை ‘லிமோனே’, பசலை போன்ற கீரையான ‘ஸ்பினாச்சி’, குங்குமப்பூவான ‘ட்ஸஃபெரானோ’ எல்லாம் அப்படி வந்தவை. சர்க்கரையைக் குறிக்கும் ‘ட்ஸூக்கெரோ’ அரபு வழி வந்தாலும் அதன் மூலம் சமஸ்கிருத ‘சர்க்கரா’தான். ஆரஞ்சுக்குப் பெயரான ‘அராஞ்சா’வை அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்தொடர்ந்தால் திராவிட மூலத்தில், நம்முடைய நாரத்தையின் உறவில், சென்று சேரலாம் என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. இஞ்சியின் பெயரான ‘ட்ஸென்ட்ஸெரோ’வோ இன்னும் பழைய கடன். இஞ்சி, வேர் என்ற திராவிடச் சொற்கள் பிராகிருதம் வழியே கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போய் அங்கிருந்து இத்தாலியத்துக்கு இறங்கின.

துறைமுக நிர்வாகத்திலும் அரபின் கை தெரியும். சுங்கச்சாவடி ‘தொகானா’. நம்மூரில் சமஸ்தானத்து அமைச்சரைக் குறித்த ‘திவான்’ எந்தச் சொல்லோ, அதே சொல்தான் அரபு வழியாக அங்கே சுங்கமாயிற்று. கட்டண விகிதம் ‘தரிஃபா’, கிடங்கு ‘மகட்ஸீனோ’, நாணயச் சாலை ‘ட்ஸெக்கா’, கப்பல் கட்டும் தளம் ‘ஆர்செனாலே’. சிறுவனைக் குறிக்கும் ‘ரகாட்ஸோ’ இன்று இத்தாலியர் நாள்தோறும் சொல்லும் சொல். வட ஆப்பிரிக்க அரபியில் தபால்காரனைக் குறித்த சொல், ஓடும்பிள்ளையாகி, சிறுவனாகியது. பீசாவின் லெயோனார்தோ, அதாவது ஃபிபொனாச்சி, 1202-இல் எழுதிய கணித நூலில் இந்திய எண்முறையை விளக்கினார். வெறுமையைக் குறித்த அரபுச் சொல் ‘ஸிஃப்ர்’. அதை அவர் லத்தீனில் ‘ட்ஸெஃபிரும்’ என்று எழுத, அது சுருங்கி ‘ட்ஸெரோ’ ஆனது. அதே அரபுச் சொல் இன்னொரு வழியில் ‘சீஃப்ரா’ என்றாகி எண் இலக்கத்தைக் குறித்தது.

வடமேற்கிலிருந்து பிரெஞ்சும் தென்பிரான்சின் மொழியான புரோவென்சாலும் வந்தன. நார்மானிய வீரர்கள், சிலுவைப்போர்ப் படைகள், ரோமுக்கு நடந்த யாத்திரிகர்கள், காதல் பாடிய துரூபதூர் கவிஞர்கள் எனப் பல கால்வழிகள். சாப்பிடுதலைக் குறிக்கும் ‘மாஞ்ஜாரே’, தோட்டமான ‘ஜார்தீனோ’, வெண்ணெயான ‘பூர்ரோ’, ஒன்றுவிட்ட உடன்பிறப்பைக் குறிக்கும் ‘கூஜீனோ’ ஆகியவை பழம்பிரெஞ்சுக் கடன்கள். பயணத்தைக் குறிக்கும் ‘வியாஜ்ஜோ’, பாலாடைக்கட்டியான ‘ஃபொர்மாஜ்ஜோ’, துணிச்சலான ‘கொராஜ்ஜோ’ ஆகியவற்றின் வால் ஒன்றாக இருப்பதைக் கவனித்தால் அந்த விகுதியே கடன் என்பது விளங்கும். பின்னர் இத்தாலியர் அந்த விகுதியைத் தம் சொந்தச் சொற்களோடும் சேர்க்கத் தொடங்கினர். கடன் வாங்கியது சொந்தக் கருவியாக மாறிய கட்டம் அது.

இவ்வளவும் சேர்ந்திருந்தாலும் அப்போது இத்தாலியம் என்று ஒரு மொழி கிடையாது. மிலானிலும் நேப்பிள்ஸிலும் பலெர்மோவிலும் வெவ்வேறு பேச்சுகள் வழங்கின. அவற்றுள் ஃபுளோரன்ஸின் பேச்சு மேலே வந்ததற்குக் கவிதையும் காசும் காரணம். 1303-05 அளவில் கவிஞர் தாந்தே எழுதிய ‘தெ வுல்காரி எலொக்வென்சியா’ என்ற லத்தீன் நூல், தீபகற்பத்தின் பதினான்கு வட்டாரப் பேச்சுகளை ஆராய்ந்து எதுவும் போதாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் தன் பெருங்காப்பியத்தை அவர் சொந்த ஊர்ப் பேச்சில்தான் எழுதினார். சமையல்கட்டுச் சொல், வசைச்சொல், இறையியல் கலைச்சொல், லத்தீன், புரோவென்சால் என எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. போதாதபோது புதுச்சொல் படைத்தார்; மனித நிலையைக் கடப்பதைக் குறிக்க அவர் ஆக்கிய ‘திராசுமனார்’ அவற்றில் ஒன்று. மொழியறிஞர் துல்லியோ தெ மவ்ரோவின் கணக்குப்படி, இன்றைய இத்தாலியத்தின் அடிப்படைச் சொற்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு தாந்தே எழுதத் தொடங்கியபோதே இருந்தது. அந்த நூற்றாண்டின் முடிவில் 90 விழுக்காடு அமைந்துவிட்டது. எழுநூறு ஆண்டுப் பழைய காப்பியத்தை இன்றைய பள்ளி மாணவர் உரையின் துணையோடு நேரடியாகப் படிக்க முடிவதற்கு இதுவே காரணம். பெத்ரார்க்கா நேர்மாறானவர். கவிதைக்கு உகந்தவை என்று தெரிந்தெடுத்த சொற்களை மட்டும் ஆண்டார். அவருடைய சொல்வட்டம் சிறியது, ஆனால் அடுத்த ஐந்து நூற்றாண்டுக் கவிஞர்கள் அந்த வட்டத்தை விட்டு வெளியேறத் தயங்கினர். உரைநடையில் பொக்காச்சோ வணிகர், துறவி, தச்சர், ஏமாற்றுக்காரர் எனப் பலர் வாயிலும் பேசினார்.

காசின் பங்கு கவிதைக்குக் குறைந்ததில்லை. ஃபுளோரன்ஸ் அமைந்த தொஸ்கானாவின் வணிகர்கள் எழுதிய கடிதமும் கணக்கும் ஐரோப்பா முழுவதும் போயின. 1410-இல் இறந்த பிராத்தோ நகர வணிகர் ஃபிரான்செஸ்கோ தத்தீனி விட்டுச்சென்ற காகிதங்களில் கடிதங்கள் மட்டும் சுமார் 1,50,000. அந்தக் கணக்கறைகளில் ‘கொந்தோ’ (கணக்கு), ‘சால்தோ’ (இருப்பு), ‘நெத்தோ’ (நிகரம்), ‘ஸ்கொந்தோ’ (தள்ளுபடி), ‘காஸ்ஸா’ (பணப்பெட்டி) போன்ற சொற்கள் கூர்மை பெற்றன. 1494-இல் லூகா பச்சோலி இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை அச்சில் விளக்கியபோது அவை நிலைபெற்ற தொழிற்சொற்கள். ஐரோப்பிய மொழிகள் பல இன்றும் அவற்றையே சிறு மாற்றத்தோடு வைத்திருக்கின்றன.

பதினைந்தாம் நூற்றாண்டில் மனிதநேய அறிஞர்கள் லத்தீன் சுவடிகளைத் தேடிப் படித்தபோது, மறைந்துபோன சொற்கள் ஏட்டிலிருந்து மறுபடி மொழிக்குள் வந்தன. இத்தாலியச் சொல்வளத்தின் மிக அழகான பகுதி இது. வாய்வழி தேய்ந்து வந்த ஒன்றும் ஏட்டுவழி வந்த ஒன்றுமாக ஒரே லத்தீன் சொல்லுக்கு இரு பிள்ளைகள் உண்டாயின. ‘காவுசா’ வாய்வழியில் ‘கோசா’ ஆகிப் பொருளைக் குறித்தது. ஏட்டுவழியில் ‘காவுசா’ என்றே வந்து காரணத்தைக் குறித்தது. பருவத்தைக் குறிக்கும் ‘ஸ்தஜோனே’யும் நிலையத்தைக் குறிக்கும் ‘ஸ்தட்ஸியோனே’யும், மேசையைக் குறிக்கும் ‘தெஸ்கோ’வும் வட்டத்தட்டைக் குறிக்கும் ‘திஸ்கோ’வும் இப்படிப்பட்ட இரட்டையர். பெயர்ச்சொல் தெருவிலிருந்தும் பெயரடை ஏட்டிலிருந்தும் வருவது இன்னொரு விளைவு. குதிரை ‘காவால்லோ’, ஆனால் குதிரைச் சவாரி தொடர்பானது ‘எக்வெஸ்த்ரே’. போர் ‘குவெர்ரா’, போர் சார்ந்தது ‘பெல்லிகோ’. வீடு ‘காசா’, வீட்டுக்குரியது ‘தொமெஸ்திகோ’. பேச்சு தோற்கடித்த லத்தீன் சொற்கள் அறிஞரின் பேனா வழியே திரும்பி வந்து, தம்மை வென்றவற்றின் பக்கத்திலேயே இடம் பிடித்தன.

அச்சு வந்ததும் எந்த இத்தாலியத்தை அச்சிடுவது என்ற சண்டை மூண்டது. வெனிஸ்காரரான பியெத்ரோ பெம்போ 1525-இல் வெளியிட்ட நூலில் வழி சொன்னார்: கவிதைக்குப் பெத்ரார்க்கா, உரைநடைக்குப் பொக்காச்சோ. ஒன்றரை நூற்றாண்டு முன் இறந்தவர்களின் மொழியே தரம் என்ற இந்த முடிவை மாக்கியவெல்லி, கஸ்திலியோனே போன்றோரின் பார்வைகள் எதிர்த்தும் அது வென்றது. காரணம் எளிது. பல அரசுகளாகச் சிதறிய நாட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடிய தலைநகரப் பேச்சு இல்லை; எல்லோரிடமும் இருந்தவை அந்தப் புத்தகங்கள்.

அந்தக் கொள்கையை அகராதியாக்கியது 1583-இல் ஃபுளோரன்ஸில் தோன்றிய ‘அக்காதெமியா தெல்லா கிரூஸ்கா’. கிரூஸ்கா என்றால் தவிடு. நல்ல சொல்லை மாவாகவும் தீய சொல்லைத் தவிடாகவும் கருதி, மாவு சலிக்கும் எந்திரத்தைச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். அங்கத்தினர் மாவும் ரொட்டியும் சார்ந்த புனைபெயர் பூண்டனர். முன்னணியில் நின்ற லியோனார்தோ சல்வியாத்தி, மாவு பூசியவர் என்று பொருள்படும் ‘இன்ஃபரினாதோ’. அவர்களுடைய பேரகராதி 1612-இல் வெனிஸில் அச்சானது. பதினான்காம் நூற்றாண்டு ஃபுளோரன்ஸ் எழுத்துகளே அதன் பெரும் மூலம். அதே ஆண்டு பவோலோ பேனி ‘அன்திகிரூஸ்கா’ என்று மறுப்பு நூலே எழுதினார். 1691-இல் வந்த மூன்றாம் பதிப்பு கலிலேயோவை மேற்கோள் ஆசிரியராக ஏற்று, வழக்கொழிந்த சொற்களுக்கு அடையாளமும் இட்டது. ஃபிரான்செஸ்கோ ரேதி என்ற பெரிய மருத்துவ அறிஞர் தான் புனைந்த பழஞ்சுவடிகளிலிருந்து மேற்கோள் காட்டி அந்த அகராதிக்குள் சொற்களை நுழைத்ததும் இந்த வரலாற்றில் உண்டு. பழமைக்கு இருந்த அதிகாரம் அவ்வளவு. குறைகள் இருந்தும், ஒரு மொழியின் முழுச் சொல்வளத்தையும் நூற்சான்றோடு தொகுத்த இந்த அகராதி ஐரோப்பிய அகராதிகளுக்கு முன்மாதிரியானது. அந்த அகராதி மரபு ஊறிய நாட்டில், லொம்பார்தியாவின் கஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேயில், 1680-இல் பிறந்த கொஸ்தான்ட்ஸோ பெஸ்கி தமிழகம் வந்து வீரமாமுனிவராகி 1732-இல் சதுரகராதியைத் தந்தார்.

பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியம் சொல் வாங்கும் மொழியாக இருந்ததைவிடச் சொல் தரும் மொழியாக இருந்தது. கட்டடம், படை, ஓவியம், அரண்மனை நாகரிகம் எல்லாவற்றிலும் அதன் சொற்கள் பாரிஸை நிறைத்தன. எரிச்சலடைந்த பிரெஞ்சு அறிஞர் ஹென்றி எஸ்தியேன் 1578-இல் இத்தாலிய மயமான பிரெஞ்சை எதிர்த்து நூல் எழுதினார். இசையில் ‘ஒபெரா’, ‘சொனாதா’, ‘சொப்ரானோ’, ‘அல்லேக்ரோ’ உலகெங்கும் போயின. ஃபுளோரன்ஸில் பர்தொலொமேயோ கிரிஸ்தோஃபொரி, 1700 அளவில், மெல்லவும் உரக்கவும் ஒலிக்கும் இசைக்கருவி ஒன்றைச் செய்தார். அந்த ‘பியானோ’, ‘ஃபோர்த்தே’ என்ற இரண்டில் முன்னது தமிழிலும் அப்படியே வழங்குகிறது. வெனிஸ் தன் பேச்சிலிருந்து தனிப்பங்கு அளித்தது. நோயாளிகளைத் தனிமைப்படுத்த 1423-இல் அங்கே தீவில் அமைந்த இல்லம் ‘லட்ஸரெத்தோ’ என்ற சொல்லுக்கு மூலம். கப்பல்களை நாற்பது நாள் நிறுத்திவைக்கும் ‘குவரந்தேனா’ கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் சொன்ன குவாரன்டைன். யூதர்களை 1516-இல் அடைத்த பகுதிக்கு அங்கிருந்த பழைய வார்ப்பாலையால் வந்த பெயர் ‘கெத்தோ’. ‘சாவ்’ என்ற வணக்கச்சொல்லும் வெனிஸுடையதே. உங்கள் அடிமை என்பது அதன் பழைய பொருள்.

மிலான், நேப்பிள்ஸ், சிசிலி 1559 முதல் ஒன்றரை நூற்றாண்டு உறுதியாக ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தன. ‘கொம்ப்ளிமெந்தோ’, ‘புந்தீலியோ’, ‘ஸ்ஃபார்ட்ஸோ’ என்று மரியாதை, வீம்பு, ஆடம்பரம் பற்றிய சொற்களே அந்த ஆட்சி விட்டுச்சென்ற தடயங்களில் மிகுதி. ஸ்பெயினின் கப்பல்களோடு அமெரிக்கச் சொற்களும் வந்தன: ‘பத்தாதா’, ‘ககாவோ’, ‘தபாக்கோ’, ‘உரகானோ’. தக்காளிக்கு மட்டும் அமெரிக்கப் பெயரை ஏற்காமல் பொன் ஆப்பிள் என்று பொருள்பட ‘பொமொதோரோ’ என்றனர். மக்காச்சோளத்துக்கு மக்கள் வைத்த பெயர் ‘கிரான்தூர்கோ’, துருக்கித் தானியம். அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த பயிருக்கு, வெளிநாடு என்றால் துருக்கி என்ற எண்ணத்தில் சூட்டிய பெயர். அதே காலத்தில் கொச்சியிலும் கோவாவிலும் தங்கிய ஃபுளோரன்ஸ் வணிகர் ஃபிலிப்போ சஸ்ஸெத்தி, ஆறு, ஏழு, ஒன்பது, கடவுள் ஆகியவற்றுக்கான சமஸ்கிருதச் சொற்கள் இத்தாலியச் சொற்களை ஒத்திருப்பதைக் கடிதத்தில் குறித்தார். அந்த ஒற்றுமைக்கு மொழியியல் விளக்கம் கிடைக்க இன்னும் இரு நூற்றாண்டு ஆயிற்று.

அறிவியலுக்கு இத்தாலியத்தைத் தகுதிப்படுத்தியவர் கலிலேயோ. 1613-இல் சூரியப் புள்ளிகள் பற்றியும் 1632-இல் இரு உலக அமைப்புகள் பற்றியும் அவர் லத்தீனை விட்டு இத்தாலியத்தில் எழுதினார். புதுச்சொல் படைப்பதைவிடப் பட்டறையிலும் வீட்டிலும் வழங்கும் சொல்லுக்குக் கூர்மையான பொருள் தருவதே அவர் முறை. சூரியனில் கண்டவற்றுக்கு, துணியில் படியும் கறையின் சொல்லான ‘மாக்கியா’ போதும் என்றார். குழல், மூக்குக்கண்ணாடி என்ற இரண்டும் சேர்ந்த ‘கன்னொக்கியாலே’யில் தொலைநோக்கியை அடக்கினார். கிரேக்க வேரில் ‘தெலெஸ்கோபியோ’ (1611), ‘மிக்ரோஸ்கோபியோ’ (1625) என்று பெயர் சூட்டியவர்கள் அவரைச் சூழ்ந்த லின்செயி கழகத்து நண்பர்கள். இன்றும் இரண்டு மரபுகளும் உயிரோடுள்ளன. கலிலேயோவின் வழி தாய்மொழிக் கலைச்சொல்லாக்கத்துக்குச் சிறந்த பாடம்.

பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சின் நூற்றாண்டு. உடை, சமையல், தத்துவம், பின்னர் புரட்சி, நெப்போலியன் ஆட்சியின் அலுவலகம் என்று எல்லா வாசலிலும் பிரெஞ்சு நுழைந்தது. இத்தாலியச் சமையலின் அடையாளமாகக் கருதப்படும் இறைச்சிக் குழம்பான ‘ரகூ’ பிரெஞ்சுச் சொல். மிலானில் 1764 முதல் 1766 வரை வந்த ‘இல் கஃபே’ இதழில் அலெஸ்ஸாந்த்ரோ வெர்ரி கிரூஸ்கா அகராதியைத் துறப்பதாக அறிக்கையே எழுதினார். கருத்துக்கே முதலிடம், சொல் எந்த மொழியிலிருந்து வந்தாலும் சரி என்பது அவர் கட்சி. எதிர்வினையாக வெரோனாவின் அந்தோனியோ சேசரி 1806 முதல் கிரூஸ்கா அகராதியை இன்னும் பழைய சொற்களால் நிரப்பி வெளியிட்டார். இந்த இரு தரப்பிலும் ஆழமாகப் பார்த்தவர் கவிஞர் லெயொபார்தி. நினைவுகளைக் கிளர்த்தும் சொல் வேறு, பொருளை வரையறுக்கும் கலைச்சொல் வேறு. ஐரோப்பா முழுவதும் பொதுவாக வழங்கும் அறிவுச் சொற்களை இத்தாலியம் அஞ்சாமல் ஏற்கலாம் என்று 1821-இல் தன் குறிப்பேட்டில் எழுதினார். காலம் அவர் பக்கமே நின்றது.

1861-இல் இத்தாலி ஒரே நாடானபோது மக்களில் நாலில் மூன்று பங்குக்கு மேல் எழுத்தறியாதவர். இத்தாலியம் பேசத் தெரிந்தவர் 2.5 விழுக்காடு என்று தெ மவ்ரோவும், ஏறத்தாழ 10 விழுக்காடு என்று அர்ரீகோ கஸ்தெல்லானியும் கணக்கிட்டனர். எதுவானாலும் நாட்டின் மொழி பெரும்பாலான குடிமக்களுக்கு அந்நியம். அலெஸ்ஸாந்த்ரோ மன்ட்ஸோனி இதற்கு மருந்தாகக் கண்டது உயிருள்ள ஃபுளோரன்ஸ் பேச்சு. 1827-இல் வெளியிட்ட தன் நாவலை அந்தப் பேச்சுக்கு ஏற்பத் திருத்தி 1840 முதல் மறுபடி வெளியிட்டார். 1868-இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் நாட்டுக்கே அதைப் பரிந்துரைத்தார். அவர் வழியில் 1870-இல் வரத் தொடங்கிய அகராதி, தலைப்பிலேயே ‘நுவோவோ’ என்ற பொதுச்சொல்லை விட்டு ஃபுளோரன்ஸ் வழக்கான ‘நோவோ’வை வைத்தது. மொழியியலாளர் கிரட்ஸியாதியோ அஸ்கோலி 1873-இல் அந்த ஒரு சொல்லைப் பிடித்தே எதிர்வாதம் தொடுத்தார்: மொழி ஒருமை ஆணையால் வராது, அறிவுழைப்பும் பரிமாற்றமும் பெருகும்போது தானே வரும். இன்று இத்தாலியர் சொல்வது ‘நுவோவோ’.

அஸ்கோலி சொன்ன பரிமாற்றம் படைச்சேவை, இடப்பெயர்வு, பள்ளி, தொழிற்சாலை வழியே நடந்தது. வட்டார வழக்குகளும் பொதுமொழிக்குத் தம் பங்கைத் தந்தன. பியெமொந்தே ‘கிரிஸ்ஸீனோ’ என்ற குச்சி ரொட்டியையும், மிலான் ‘ரிஸோத்தோ’வையும், நேப்பிள்ஸ் ‘மொட்ஸரெல்லா’வையும் ‘கமோர்ரா’வையும், சிசிலி ‘மாஃபியா’வையும் ஆரஞ்சுப் பூவின் அரபுப் பெயரான ‘ட்ஸாகரா’வையும் அளித்தன. ஆனாலும் வீட்டுச் சொற்கள் எளிதில் ஒன்றாகவில்லை. தர்ப்பூசணி வடக்கே கிரேக்க வழி வந்த ‘அங்கூரியா’, நடுப்பகுதியில் லத்தீன் வழி வந்த ‘கொகோமெரோ’, தெற்கே ‘மெலோனே’. 1956-இல் ராபர்ட் ரூயெக் வெளியிட்ட ஆய்வில் பல மாகாணங்களைச் சேர்ந்த 124 பேரிடம் 242 கருத்துகளுக்குச் சொல் கேட்டபோது, எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னது ஒன்றே ஒன்றுக்குத்தான்: கடையில் குடிக்கும் கடுங்காப்பியான ‘எஸ்பிரெஸ்ஸோ’.

இடையில் முசோலினியின் ஆட்சி அந்நியச் சொற்களுக்கு எதிராகக் கிளம்பியது. 1923-இல் பிறமொழிப் பெயர்ப்பலகைக்கு வரி வந்தது; 1940-இன் சட்டம் அவற்றைத் தடையே செய்தது; அரசக் கழகத்தின் குழு மாற்றுச்சொற் பட்டியல்களை வெளியிட்டது. ‘ஹோட்டல்’ போய் ‘அல்பெர்கோ’ வரவேண்டும் என்றார்கள். தூய இத்தாலியம் என்று அவர்கள் தூக்கிப்பிடித்த அது கோத் படைவீரர்களின் சொல். மொழியறிஞர் புரூனோ மிலியோரீனி 1932-இல் தந்த ‘ரெஜீஸ்தா’ (இயக்குநர்), ‘அவுதீஸ்தா’ (ஓட்டுநர்) இரண்டும் இன்றும் உயிரோடுள்ளன. கவிஞர் தனுன்சியோ தந்ததாகச் சொல்லப்படும் ‘திரமெட்ஸீனோ’ என்ற சாண்ட்விச் பெயரும் நிலைத்தது. மதுக்கடையின் ‘பார்’, ‘காக்டெயில்’ ஆகியவற்றுக்கு ஆணையால் புகுத்திய மாற்றுகள் ஆட்சியோடு மறைந்தன. மொழியின் இலக்கணத்தோடு பொருந்தி, தேவை உள்ள இடத்தில் வந்த சொல் நின்றது; மிரட்டலால் வந்தது நிற்கவில்லை.

நாடு முழுவதும் ஒரே மொழியைக் கேட்டது தொலைக்காட்சியில்தான். 1954-இல் ஒளிபரப்பு தொடங்கியது. 1960 முதல் 1968 வரை ஆசிரியர் அல்பெர்தோ மன்ட்ஸி சிறுதிரையில் பெரியவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். 1960-இன் ஃபெல்லினி படமொன்றில் புகைப்படக்காரர் பாத்திரத்தின் பெயரான ‘பபராட்ஸோ’ உலகச் சொல்லானது. உள்ளே வரும் சொற்களில், ஆங்கிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘பிஸ்தெக்கா’ (பீஃப்ஸ்டேக்) போன்று உருமாறி வந்தது. போருக்குப் பிறகு உருமாறாமலே வருகிறது. பிரெஞ்சும் ஸ்பானியமும் சொந்தப் பெயர் வைத்துக்கொண்ட கணினிக்கு இத்தாலியம் ‘கம்ப்யூட்டர்’ என்றே சொல்கிறது. 1987-இல் கஸ்தெல்லானி இதை ‘ஆங்கில நோய்’ என்று கண்டித்தார். 2015-இல் கிரூஸ்கா அமைத்த ‘இன்சீபித்’ குழு, புதிய ஆங்கிலச் சொற்கள் வேரூன்றும் முன்பே இத்தாலிய மாற்றுகளை முன்வைக்கிறது. அடிப்படைச் சொற்களில் ஆங்கிலம் இன்னும் சிறுபான்மையே. ஆனால் அரசு அலுவலகமும் செய்தித்தாளும் குடிமகனுக்குப் புரியாத சொல்லைச் சுமத்தும்போது அந்தக் குழுவின் எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது.

இந்தச் சொற்களை அகராதிகளில் தொகுக்கும் பணியும் தொடர்ந்தது. கிரூஸ்கா அகராதியின் ஐந்தாம் பதிப்பு 1863-இல் தொடங்கி, 1923-இல் அரசு பணியை நிறுத்தியபோது ஓ எழுத்தின் ‘ஒட்ஸோனோ’ என்ற சொல்லோடு நின்றுபோனது. சல்வத்தோரே பத்தாலியா தொடங்கிய பேரகராதி 1961 முதல் 2002 வரை 21 தொகுதிகளாக வந்து முடிந்தது. தெ மவ்ரோ தொகுத்த வழக்ககராதி 1999-இல் ஆறு தொகுதிகளாக வெளியானது. வட்டார வழக்குகள் உட்பட ஒவ்வொரு சொல்லின் பிறப்பையும் பதிவு செய்ய ஜெர்மனியின் ஸார்லாந்து பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் ஃபிஸ்டர் தொடங்கிய வேர்ச்சொல் அகராதியின் முதல் பகுதி 1979-இல் வெளிவந்தது. அவர் 2017-இல் இறந்த பிறகும் அந்தப் பணி தொடர்கிறது.